இசையில் பிஹெச்.டி: யுனிவர்சிட்டியைத் தேடும் முன் கைடைத் தேடுங்கள்!

பகலில் ஐ.டி. வேலை, சாயங்காலம் பாட்டு கிளாஸ், கையில் எம்.ஏ. இசைப் பட்டம். அடுத்து என்ன என்று கேட்டால், "பிஹெச்.டி. பண்ணலாம்னு இருக்கேன்" என்கிறார்கள் பலர். "எந்த யுனிவர்சிட்டி?" என்ற கேள்வி உடனே வருகிறது. அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எதற்காக?

மேடையில் இன்னும் நன்றாகப் பாட வேண்டும் என்பதற்காக என்றால், வேண்டாம். நம் ஊரில் பிஹெச்.டி. என்றால் ஆய்வேடுதான். அமெரிக்காவில் டி.எம்.ஏ. என்று கச்சேரியையும் கணக்கில் எடுக்கும் முனைவர் பட்டம் உண்டு. ஆனால் அது பெரும்பாலும் மேற்கத்திய செவ்வியல் இசைக்காரர்களுக்கானது. இங்கும் அப்படி ஒரு வழி வர வேண்டும். அதுவரை, சாதகம் செய்யும் நேரத்தைத்தான் ஆய்வு தின்னும்.

கல்லூரி வேலைக்காக என்றால், யுஜிசி 2023-ல் திருத்திய விதிப்படி உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் தேர்ச்சியே குறைந்தபட்சத் தகுதி. பிஹெச்.டி. கட்டாயமில்லை.

இல்லை, ஒரு கேள்வி மனசைக் குடைகிறது, அதற்கு விடை தெரிந்தே ஆக வேண்டும் என்கிறீர்களா? அப்படியானால் தாராளமாக வாருங்கள்.

இங்கேதான் கைடு முக்கியமாகிறார். 2022 யுஜிசி விதிகளின்படி ஒரு பேராசிரியர் 8 பேர், இணைப் பேராசிரியர் 6 பேர், உதவிப் பேராசிரியர் 4 பேர் வரைதான் ஒரே நேரத்தில் வழிநடத்த முடியும். ஓய்வுபெற மூன்று வருடத்துக்குள் இருப்பவர் புதிதாக யாரையும் சேர்க்கக் கூடாது. இசைத் துறைகள் பொதுவாகச் சின்னவை. பல்கலைக்கழகத்தின் பெயர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும், உங்கள் தலைப்பு தெரிந்த ஒருவரிடம் இடம் காலியாக இல்லையென்றால் பயனில்லை.

அவரைப் பற்றி எப்படித் தெரிந்துகொள்வது? 'சோத்கங்கா' இணையதளத்தில் நாடு முழுவதும் சமர்ப்பிக்கப்பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. கைடு பெயரைப் போட்டுத் தேடி, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளில் இரண்டையாவது படியுங்கள். களப்பணி இருக்கிறதா? ஸ்வரப்படுத்திய உதாரணங்கள் இருக்கின்றனவா? 'இன்னாரின் வாழ்வும் பணியும்' என்ற தலைப்பே வரிசையாக வந்தால், கொஞ்சம் யோசியுங்கள்.

அடுத்து, ஊர். சென்னைப் பல்கலைக்கழக இந்திய இசைத் துறை 1932-ல் தொடங்கியது, பி.சாம்பமூர்த்தி பாடம் நடத்திய துறை. கச்சேரி மரபை ஆராய்பவருக்குச் சபாக்கள் பக்கத்திலேயே இருப்பது வசதி. சுவடிகளைப் புரட்ட வேண்டியவருக்குத் தஞ்சாவூர்தான்: சரஸ்வதி மஹால் நூலகமும் 1981-ல் தொடங்கிய தமிழ்ப் பல்கலைக்கழகமும் ஒரே ஊரில் இருக்கின்றன. நாகஸ்வரத்தை ஆராய்பவர் டெல்டாவை விட்டு எங்கே போவார்? வெளிநாடு என்றால் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கும் கர்நாடக இசைக்கும் பழைய உறவு. புல்லாங்குழல் மேதை டி.விஸ்வநாதன் பல காலம் அங்கே கற்பித்தார். ராக ஆலாபனையை ஆராய்ந்து அங்கேயே முனைவர் பட்டமும் வாங்கினார்.

பணக் கணக்கையும் முதலிலேயே போட்டுவிடுங்கள். நெட் தேர்வில் ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய். கிடைக்காதவர்கள் கையிருப்பை நம்பித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். குறைந்தது 3 ஆண்டுகள், பொதுவான வரம்பு 6 ஆண்டுகள். வேலையை விடாமல் பகுதிநேரமாகச் செய்யலாம். அலுவலகத்தில் தடையில்லாச் சான்று வாங்க வேண்டும். ஆன்லைன் பிஹெச்.டி. என்று யாராவது விளம்பரம் செய்தால் ஏமாறாதீர்கள், யுஜிசி அதை ஏற்பதில்லை.

சேர்வதற்கு முன், அதே கைடிடம் இப்போது ஆய்வு செய்யும் இரண்டு பேரிடமாவது போனில் பேசுங்கள். மாதத்தில் எத்தனை முறை நேரில் பார்க்கிறார், எழுதிக் கொடுத்த அத்தியாயம் எத்தனை வாரத்தில் திரும்பி வருகிறது என்று கேளுங்கள். பதில் சொல்வதற்கு முன் எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டால், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.