மலிவு யாருக்கு? பதின்பருவக் கர்ப்பமும் ஒன்றிய அரசின் கணக்கும்

ஒரு கருத்தடைச் சாதனத்தை வாங்க அரசுக்கு ஆகும் செலவு ஒரு கணக்கு. அது உரிய வயதில் உரிய பெண்ணுக்குக் கிடைக்காததால் ஏற்படும் இழப்பு வேறொரு கணக்கு. ஆட்சியாளர்கள் முதல் கணக்கை மட்டுமே காட்டிச் சிக்கனம் பேசுகின்றனர். இரண்டாவதன் சுமையைச் சிறுமிகள் தம் உடலால் சுமக்கின்றனர்.

தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாம் சுற்று (2019–21) தரும் விவரங்கள் தெளிவானவை. 15 முதல் 19 வயது வரையிலான பெண்களில் 6.8 சதவீதத்தினர் அதற்குள் தாயாகியிருந்தனர் அல்லது கருவுற்றிருந்தனர். திரிபுராவில் இது 21.9 சதவீதம்; மேற்கு வங்கத்தில் 16.4 சதவீதம். இதே வயதுப் பெண்களில் 59.1 சதவீதத்தினருக்கு இரத்தசோகை. பண்பாட்டுக் காவலர்கள் இதற்கு மேலைநாட்டு மோகத்தைக் காரணம் காட்டுவர். ஆனால் 20–24 வயதுப் பெண்களில் 23.3 சதவீதத்தினர் 18 வயதுக்கு முன்பே மணம் முடித்து வைக்கப்பட்டவர்கள். இந்தியாவில் பதின்பருவக் கர்ப்பம் பெரிதும் திருமணத்துக்குள்ளேயே நிகழ்கிறது. வறுமையும் ஆணாதிக்கமும் சேர்ந்து நடத்தி வைக்கும் திருமணம் அது. அந்தச் சிறுமியிடம் குழந்தை எப்போது வேண்டும் என்று எவரும் கேட்பதில்லை.

அவளுக்குத் தேவை முதல் குழந்தையைத் தள்ளிப்போடும் தற்காலிக முறை. 1952 முதல் நடைபெறும் அரசுத் திட்டமோ பெண்களின் நிரந்தரக் கருத்தடையையே பெரிதும் நம்பி வந்துள்ளது. மேற்கண்ட ஆய்வின்படி மணமான பெண்களில் 37.9 சதவீதத்தினர் கருத்தடை அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள். காப்பர்-டி போன்ற சாதனம் பொருத்தியவர்கள் 2.1 சதவீதத்தினரே. 2014 நவம்பரில் சத்தீஸ்கரின் பிலாஸ்பூர் மாவட்ட முகாம்களில் 13 பெண்கள் மாண்டனர். முகாம்களை மூன்றாண்டுகளுக்குள் நிறுத்துமாறு 2016இல் உச்சநீதிமன்றம் ஆணையிட நேர்ந்தது. பதினேழு வயதுப் பெண்ணுக்கு இந்த அறுவை சிகிச்சையால் எப்பயனும் இல்லை.

வழக்கமான பயன்பாட்டில் ஓராண்டில் ஆணுறையை நம்பும் நூறு பெண்களில் சுமார் 13 பேரும், மாத்திரையை நம்புவோரில் சுமார் 7 பேரும் கருவுறுகின்றனர். காப்பர்-டியில் ஒருவர்கூட இல்லை எனலாம். ஒருமுறை பொருத்திய காப்பர்-டி பத்தாண்டுகள் வரை பலன் தரும். எனவே தொடக்கச் செலவு மிகுந்த முறையே நாளடைவில் மலிவாகிறது. இக்கணக்கு சரியானதே. ஆனால் பயிற்சி பெற்ற செவிலியரும், தெளிவாக விளக்கும் ஆலோசனையும், கேட்டவுடன் அகற்றித் தரும் வசதியும் இல்லாத இடத்தில் அதே சாதனம் கட்டாயத்தின் கருவியாகிவிடும். பால்வினை நோயிலிருந்தும் காப்பது ஆணுறை ஒன்றே. ஆகவே எல்லா முறைகளையும் அவள் முன் வைத்து, தேர்வை அவளிடமே விடுவதுதான் உண்மையான சிக்கனம்.

ஒன்றிய அரசு செய்வது என்ன? நிரோத் ஆணுறையும் சஹேலி மாத்திரையும் தயாரிக்கும் பொதுத்துறை நிறுவனமான எச்.எல்.எல். லைஃப்கேரை விற்க 2021 டிசம்பரில் விருப்பம் கோரியது. வீடுதோறும் கருத்தடைச் சாதனங்களைக் கொண்டு சேர்க்கும் ஆஷா ஊழியர்களைத் தொழிலாளர்களாக ஏற்க மறுத்து, ஊக்கத்தொகையில் நிறுத்தி வைத்திருக்கிறது. அசாமின் பாஜக அரசு 2023 பிப்ரவரியில் குழந்தைத் திருமணத்தின் பேரில் ஆயிரக்கணக்கானோரைக் கைது செய்தது. கணவன் சிறைக்குப் போவான் என்று அஞ்சும் கர்ப்பிணிச் சிறுமி ஆரம்ப சுகாதார நிலையத்தின் படியேறுவாளா? போலீசைக் கொண்டு குழந்தைத் திருமணத்தை ஒழிக்க முடியாது. பெண்ணைப் பள்ளியில் நிறுத்தி வைக்கும் கல்வியும், குடும்பத்துக்கு வேலையும் கூலியுமே அதை ஒழிக்கும்.

நிதி இல்லை என்பது சாக்கு. பெருமுதலாளிகளுக்கு 2019இல் நிறுவன வரியைக் குறைத்தபோது இந்தச் சாக்கு எழவில்லை. ஆஷா ஊழியர்களுக்கு நிரந்தரப் பணியும், பள்ளிகளில் அறிவியல்பூர்வ பாலியல் கல்வியும், எல்லாச் சுகாதார நிலையங்களிலும் இரகசியம் காக்கும் இலவசச் சேவையும் வேண்டும். எச்.எல்.எல். பொதுத்துறையிலேயே நீடிக்க வேண்டும். இக்கோரிக்கைகளை மாதர், வாலிபர், தொழிற்சங்க அமைப்புகள் ஒன்றிணைந்து முன்னெடுப்பது காலத்தின் கட்டாயம்.