பெயரில் மட்டும் ஆறு



ஊரின் பெயரை மலைக்கும் நீருக்கும் இடுவது உலகெங்கும் உள்ள வழக்கம். பல்கேரிய நாட்டவர் தம் சிற்றூர்களின் பெயர்களை அந்தாட்டிக்காவின் பனியாறுகளுக்கும் மலைமுடிகளுக்கும் இட்டிருக்கிறார்கள். எங்கள் வடமராட்சியிலும் ஊருக்கும் நீருக்கும் ஒரே பெயர்: தொண்டைமானாறு.

உப்பு ஏற்றும் மரக்கலங்கள் வந்துபோகக் கருணாகரத் தொண்டைமான் அங்கே கடல்வாயை வெட்டுவித்தான் என்பது கர்ணபரம்பரைக் கதை. உரும்பிராய்க் கருணாகரப் பிள்ளையார் கோயிலையும் அவனோடு சேர்த்தே சொல்லுவார்கள். பெயரில் ஆறு இருந்தாலும் அது மலையில் பிறந்த ஆறல்ல, கடலோடு சேரும் களப்பு. கடல்நீர் உள்ளே வராமலும் மாரிவெள்ளம் வீணே ஓடாமலும் தடுக்கத்தான் அங்கே தடுப்பணை கட்டினார்கள்.

இது இணுவில் பெண்களுக்கு எதற்கு என்று கேட்பீர்கள். குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. நாங்கள் கிணற்றில் அள்ளுவது சுண்ணக்கற்பாறையில் தங்கிய மழைநீர். அந்த நன்னீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். உவரான கிணற்றை மீட்பது இலேசல்ல. பிறகு குடத்தோடு அலைவது பெண்கள்தான்.

என் வளவில் கூரைநீரை ஒரு கிடங்கில் இறங்க விட்டிருக்கிறேன். தோட்டத்துக்கு மோட்டரை அளவோடுதான் போடுகிறேன். மாரிக்கு முன் நீங்களும் ஒரு கிடங்கு வெட்டுங்கள். அணைக்கதவைப் பார்க்க அதிகாரிகள் இருக்கிறார்கள். வீட்டுக் கிணற்றை நாங்கள்தான் பார்க்கவேண்டும்.