சேறு பார்க்காத சேற்று டயர்!

ஜீப்புக்கு முரட்டு டயர் மாட்டும் மோகம்: மழை ரோட்டில் அது கைகொடுக்குமா?

நகரத்து ரோட்டில் ஒரு ஜீப் வருகிறது. வண்டி கண்ணில் படும் முன்பே "ஹூம்" என்ற ஓசை காதில் விழுகிறது. அது என்ஜின் ஓசை அல்ல. டயர் போடும் சத்தம்!

டயர் ஒவ்வொன்றும் முரட்டுத்தனமாக இருக்கிறது. கட்டை கட்டையாகப் பட்டன்கள். பட்டன்களுக்கு நடுவே விரல் நுழையும் பள்ளம். ஆனால் அந்தப் பள்ளத்தில் ஒரு துளி சேறு கூட இல்லை.

சேற்றுக்காகச் செய்த டயர் அது. சேற்றையே பார்த்ததில்லை! காலையில் ஆபீஸ். மாலையில் பள்ளிக்கூடம். ஞாயிற்றுக்கிழமை கடற்கரை. அவ்வளவுதான் அதன் பயணம்.

இப்படி டயர் மாற்றுவது சரிதானா? அழகுக்காக மாட்டிய டயர், ஆபத்து நேரத்தில் காலை வாரி விடாதா?

ஜீப் மோகம்

ஜீப் பிறந்தது யுத்தகாலத்தில். 1941ல் அமெரிக்க ராணுவத்துக்காக ஆயிரக்கணக்கில் செய்தார்கள். இந்தியாவில் அது நெடுங்காலம் போலீசார், அதிகாரிகள், தோட்டக்காரர்கள் ஓட்டும் வண்டியாகவே இருந்தது. குடும்பத்தோடு போகிறவர்கள் கார்தான் வாங்கினார்கள்.

இப்போது நிலைமை மாறிவிட்டது. 2020 அக்டோபரில் மகிந்திரா கம்பெனியின் புதிய "தார்" விற்பனைக்கு வந்தது. 2023 ஜூனில் மாருதி கம்பெனி 5 கதவு வைத்த "ஜிம்னி"யைக் கொண்டுவந்தது. 2024 ஆகஸ்டில் 5 கதவு "தார் ராக்ஸ்" வந்தது. கதவு கூடியது. பின் சீட்டில் குழந்தைகளும் பாட்டியும் ஏறிக்கொண்டார்கள்.

இன்னொரு வேடிக்கை. 2023 ஜனவரியில், பின் சக்கரங்கள் மட்டும் உந்தித் தள்ளும் "தார்" ஒன்றும் வந்தது. சேற்றிலிருந்து கரையேற 4 சக்கரமும் உழைக்க வேண்டும். அந்த வசதி இல்லாத ஜீப்பையும் மக்கள் விரும்பி வாங்குகிறார்கள் என்றால் என்ன பொருள்? வண்டி ஓடப்போவது ரோட்டில் என்பதுதான்.

"தார்" என்பது பாலைவனத்தின் பெயர். ஓடுவதோ தார் ரோட்டில்!

மூன்று வகை

ஜீப் போன்ற வண்டிகளுக்குக் கடையில் 3 வகை டயர் கிடைக்கிறது.

முதல் வகை "எச்.டி." இது ரோட்டு டயர். பட்டன்கள் நெருக்கமாக இருக்கும். சத்தம் குறைவு.

இரண்டாவது "ஏ.டி." ரோட்டுக்கும் காட்டுக்கும் பொதுவான டயர். பள்ளம் சற்றுப் பெரிது. ஜல்லி, மண், லேசான சேறு எல்லாவற்றையும் சமாளிக்கும்.

மூன்றாவது "எம்.டி." இதுதான் சேற்று டயர். பட்டனும் பெரிது. பள்ளமும் பெரிது. பக்கச் சுவரும் தடிப்பு.

ஜிம்னி தொழிற்சாலையிலிருந்து வெளிவரும்போது ரோட்டு டயரோடு வந்தது. 2020ம் ஆண்டுத் "தார்" பொது டயரோடு வந்தது. சேற்று டயரை வாங்கியவர்களேதான் பிறகு மாட்டிக் கொள்கிறார்கள்.

டிராக்டர் பாடம்

சேற்று டயர் எப்படி வேலை செய்கிறது? உழவு டிராக்டரின் பின் டயரைப் பார்த்தால் போதும்.

அதன் பட்டன்கள் வரப்பு போல உயர்ந்து நிற்கும். சேற்றுக்குள் அவை மண்வெட்டி மாதிரி இறங்கி, அடிமண்ணைப் பிடித்து உந்தும். பள்ளத்தில் அப்பிய சேறு, சக்கரம் சுற்றும் வேகத்தில் தெறித்துப் போகும். அடுத்த சுற்றுக்கு டயர் மறுபடியும் தயார்.

ரோட்டு டயரில் பள்ளம் சிறியது. அதில் சேறு அப்பிக்கொண்டால் போகாது. டயர் மொழுக்கென்று ஆகிவிடும். சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றும்.

ஆகவே சேற்றில் சேற்று டயருக்கு நிகர் இல்லை. அதில் சந்தேகமே வேண்டாம்.

ஆனால் அதே டிராக்டர் தார் ரோட்டில் ஏறினால்? குலுங்குகிறது. இரைகிறது. அதை 80 கிலோ மீட்டர் வேகத்தில் ஓட்ட யாராவது துணிவார்களா?

ஈர ரோட்டில்

ஒரு டயர் ரோட்டைத் தொடும் இடம் மிகவும் சிறியது. ஏறக்குறைய விரித்த கை அளவுதான். இப்படி 4 கை அளவு ரப்பர்தான் வண்டியையும் அதில் இருப்பவர்களையும் தாங்கி நிறுத்துகிறது.

சேற்று டயரில் அந்தக் கை அளவிலும் பெரும் பங்கு வெறும் பள்ளம். ரோட்டைப் பிடிக்கும் ரப்பர் குறைந்து போகிறது. கல்லில் கிழியாமல் இருக்க ரப்பரையும் உறுதியாகச் செய்கிறார்கள்.

"பள்ளம் பெரிதாக இருந்தால் மழைத்தண்ணீர் சுலபமாக ஓடிவிடுமே!" என்று சிலர் கேட்கலாம். பாதி உண்மை. ரோட்டில் தண்ணீர் தேங்கிக் கிடந்தால் பெரிய பள்ளம் அதை ஒதுக்கித் தள்ளும்.

ஆனால் மழை நாளில் ரோட்டின் பெரும்பகுதியில் இருப்பது மெல்லிய ஈரம்தான். அந்த ஈரத்தைத் துடைத்து எடுப்பவை, ரோட்டு டயரின் பட்டன்களில் கத்தியால் கீறியதுபோல் இருக்கும் நுண்ணிய வெட்டுகள். சேற்று டயர்களில் இந்த வெட்டுகள் குறைவு. ஆகவே பொதுவாக ஈர ரோட்டில் அது வழுக்கும். பிரேக் போட்டால் தள்ளிப்போய் நிற்கும்.

கால்பந்து ஆடுகிறவர்கள் அடியில் குமிழ் வைத்த பூட்ஸ் போடுகிறார்கள். புல்தரையில் அது பிடிக்கும். அதே பூட்சோடு ஈரமான சிமெண்டுத் தரையில் ஓடினால்? விழ வேண்டியதுதான்!

60 கிலோ மீட்டர் வேகத்தில் போகும் வண்டி, ஒரு விநாடியில் சுமார் 17 மீட்டர் ஓடிவிடும். வேகம் இரு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நாலு மடங்காகும். இதில் டயரும் வழுக்கினால் கேட்கவே வேண்டாம்.

நாலு சக்கர மயக்கம்

"எங்கள் வண்டியில் 4 சக்கரமும் இழுக்கும். பயமில்லை" என்று பலர் நினைக்கிறார்கள்.

4 சக்கரமும் இழுப்பது வண்டி முன்னேறுவதற்கு. நிற்பதற்கு அல்ல! பிரேக் எல்லாக் கார்களிலும் 4 சக்கரத்துக்கும்தான் இருக்கிறது. நிறுத்தும் விஷயத்தில் சாதாரணக் காரை விட ஜீப்புக்குத் தனிச் சலுகை எதுவும் கிடையாது. உயரமான வண்டி என்பதால் வளைவில் இன்னும் கவனம் வேண்டும்.

அகலக்கால்

டயர் மாற்றுகிறவர்கள் வகையை மட்டும் மாற்றுவதில்லை. அளவையும் கூட்டுகிறார்கள். அகலக்கால் வைக்காதே என்று பெரியவர்கள் சொன்னது இதற்கும் பொருந்தும்.

255/65 ஆர் 18 என்ற டயரைக் கழற்றிவிட்டு 265/70 ஆர் 18 மாட்டினால் என்ன ஆகும்? டயரின் உயரம் சுமார் 789 மில்லி மீட்டரிலிருந்து 828 ஆகிறது. அதாவது நூற்றுக்கு 5 அதிகம். வேகம் காட்டும் முள் முன்போலவே காட்டும். ஆனால் வண்டி முன்பைவிட நூற்றுக்கு 5 பங்கு கூடுதல் வேகத்தில் ஓடும்!

கனமான டயரைச் சுழற்ற என்ஜின் அதிகம் உழைக்க வேண்டும். மைலேஜ் குறையும். அகல டயர் வளைவில் திரும்பும்போது உட்புறம் உரசவும் கூடும்.

சட்டமும் குறுக்கே வரும். கம்பெனி செய்த விவரத்துக்கு மாறாக, பதிவுச் சான்றில் உள்ள விவரம் வேறுபடும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்று 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது. டயர் வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் போலீசாருக்குப் பதில் சொல்ல நேரிடும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் கேள்வி கேட்கலாம்.

யாருக்கு வேண்டும்?

அப்படியானால் சேற்று டயர் யாருக்குமே வேண்டாமா? அப்படி இல்லை.

மழைக்காலத்தில் தினமும் மண் பாதையில் ஏறி இறங்கும் தோட்டக்காரருக்கு அது ஆடம்பரம் அல்ல, தேவை. கோவாவில் மழைக்காலத்தில் நடக்கும் "ரெயின்பாரஸ்ட் சாலஞ்ச்" போட்டிக்குப் போகிறவர்களுக்கு அது இல்லாமல் முடியாது.

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலைக்குச் சுற்றுலாப் பயணிகள் கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் போகிறார்கள். கல்லும் முள்ளுமான பாதை. அப்படிப்பட்ட பாதையே தொழில் என்று இருப்பவருக்குத் தடித்த பக்கச் சுவர் வைத்த டயர் காசுக்குத் தகுந்த பொருள்.

வருடத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போகிறவர் கதை வேறு. நல்ல பொது டயர் இருந்தாலே பெரும்பாலும் போதும். பாதை மோசமானால் காற்றைச் சற்றுக் குறைத்துக் கொள்ளலாம். டயர் பரந்து தரையைப் பிடிக்கும். ரோட்டுக்கு வந்ததும் மறக்காமல் காற்றை நிரப்ப வேண்டும்.

நூற்றுக்கு இரண்டு

ஒரு குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். கணவன் சொல்கிறான்: "எம்.டி. டயர் மாட்டினால் வண்டி சிங்கம் மாதிரி இருக்கும்!"

மனைவி கேட்கிறாள்: "ஏங்க, போன வருஷம் நாம எத்தனை நாள் சேற்றிலே போனோம்?"

கணக்குப் போட்டுப் பார்க்கிறார்கள். வருடத்தில் வண்டி ஓடியது 12 ஆயிரம் கிலோ மீட்டர். மாதம் ஒரு தடவை, ஊர் வயலுக்கு 20 கிலோ மீட்டர் மண் ரோடு. 12 மாதத்துக்கு 240 கிலோ மீட்டர். நூற்றுக்கு 2 பங்கு!

அந்த 2 பங்குக்காக மற்ற 98 பங்கிலும் இரைச்சலைக் கேட்பதா? பெட்ரோலைக் கூடுதலாகக் கொட்டுவதா? மழையில் பயந்து பயந்து ஓட்டுவதா? எந்த டயர் என்று முடிவு செய்ய இந்தக் கணக்கை விட நல்ல வழி இல்லை.

வாங்கும் முன்பு

டயரின் பக்கவாட்டில் எழுத்துகள் இருக்கும். "112 கியூ" என்று இருந்தால், அந்த ஒரு டயர் 1,120 கிலோ வரை தாங்கும். 160 கிலோ மீட்டர் வேகம் வரை ஓடலாம் என்று அர்த்தம். பழைய டயரில் இருந்த எண்ணைவிடக் குறைவான எண் உள்ளதை வாங்கக் கூடாது.

4 இலக்கத்தில் டயர் பிறந்த தேதியும் இருக்கும். "2324" என்றால் 2024ம் ஆண்டின் 23வது வாரம். கடையில் பல வருடம் கிடந்த டயரைத் தள்ளுபடி விலைக்குக் கொடுத்தாலும் வேண்டாம்.

2022 ஜூனில் மத்திய அரசு புதிய விதி ஒன்றை வெளியிட்டது. உருளும்போது ஏற்படும் தடை, ஈரத்தில் பிடிப்பு, சத்தம் ஆகிய 3 சோதனைகளும் கார் டயர்களுக்குக் கட்டாயம் என்றது. கடைக்காரரிடம் "ஈரத்தில் எப்படிப் பிடிக்கும்?" என்று கேட்க இனிமேல் யாரும் கூச்சப்பட வேண்டியதில்லை.

ஏற்கனவே சேற்று டயர் மாட்டியவர்கள் மழையில் வேகத்தைக் குறைக்க வேண்டும். முன்னே போகும் வண்டிக்கு இரு மடங்கு இடைவெளி விட வேண்டும். பட்டன் ஒரு பக்கமாகத் தேயாமல் இருக்க, டயர்களை அவ்வப்போது இடம் மாற்ற வேண்டும். ஸ்டெப்னியும் அதே அளவில் இருக்க வேண்டும்.

மழை பெய்கிறது. பின் சீட்டில் குழந்தை தூங்குகிறது. முன்னே போன பஸ் திடீரென்று நிற்கிறது. அந்தக் கணத்தில் வண்டி சிங்கம் மாதிரி இருக்கிறதா என்று யாரும் பார்க்கப் போவதில்லை.

வண்டி நிற்கிறதா? அது ஒன்றுதான் கேள்வி!