வேட்டுவன் காட்டிய செடி
ஆப்பிரிக்காவின் தென்கோடிப் பாலைநிலங்களில் முள்தண்டுடன் வளர்வது ஊடியாச் செடி. நெடுந்தொலைவு வேட்டைக்குச் செல்லும் சான் மக்கள், பசியும் நீர்வேட்கையும் தணிய அதன் தண்டை மென்றனர். தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த அறிவு அது. ஏட்டில் எழுதப்படாமையால் அஃது அறிவன்று என்றாகிவிடுமா?

தென்னாப்பிரிக்க அரசின் அறிவியல், தொழிலக ஆய்வு மன்றம் 1963-இல் அச்செடியை ஆயத் தொடங்கியது. பசியடக்கும் கூற்றைப் பிரித்தெடுத்து, 1995-இல் காப்புரிமை வேண்டிற்று. 'பி57' எனப் பெயரிட்ட அதனை உருவாக்கி விற்கும் உரிமத்தை 1997-இல் பைட்டோபார்ம் என்னும் இங்கிலாந்து நிறுமத்திற்கு அளித்தது. சான் மக்களை எவரும் கேட்டிலர். அவர்கள் அழிந்தொழிந்தனர் எனத் தாம் எண்ணியிருந்ததாக அந்நிறுமத் தலைவர் 2001-இல் கூறினார்! அன்று உயிரோடிருந்தோரோ ஏறத்தாழ ஓரிலக்கம் பேர்.

அவர்கள் உரிமை கேட்டு எழுந்த பின்னரே 2003-இல் உடன்பாடு கையெழுத்தாயிற்று. மன்றம் பெறும் உரிமத்தொகையில் 6 விழுக்காடு அவர்களுக்கு என்றனர். ஆயின் அவ்வாண்டே பைசர் விலகியது; 2008-இல் யூனிலீவரும் கைவிட்டது. எதிர்பார்த்த பெருந்தொகை வரவேயில்லை.

கூற்றைப் பிரித்தெடுத்தல் அருஞ்செயலே, மறுப்பாரிலர். எனினும், எண்ணிறந்த செடிகளுள் ஆயத்தக்கது இதுவெனக் காட்டியவன் வேட்டுவன் அல்லனோ? அவன் இசைவைக் கேட்பது ஆய்வின் முதற்படியாதல் வேண்டும். பூசலின் இறுதிப்படியாதல் அறமன்று.