தட்டு கழுவினா சம்பளம்… தாளம் சொன்னா?

போன வாரம் அரியர் அண்ணன்களைப் பத்தி எழுதினதுக்கு, எங்க ஹாஸ்டல்ல பாதிப் பேர் என்னைப் பார்த்தாலே முறைக்கிறாங்க. உயிர் மேல ஆசை இருக்கறதால, இந்த வாரம் மேட்டர் ஊருக்குள்ள இல்லை. கடல் தாண்டிப் போறோம்!

நம்ம சத்தி ரோட்டுல சரவணம்பட்டியைத் தாண்டும்போது பஸ் ஜன்னல் வழியா போர்டுகளைப் படிச்சிருக்கீங்களா? ஐ.ஈ.எல்.டி.எஸ். கோச்சிங், ஜெர்மன் கிளாஸ், ‘வெளிநாட்டில் படிக்க வாருங்கள்’… எல்லாப் போர்டுலயும் கோட்டு போட்ட ஒரு பையன் கையில பாஸ்போர்ட்டோட சிரிச்சுக்கிட்டு இருப்பான். எனக்கு ரொம்ப நாளா ஒரு டவுட். அந்தப் பையன் ஃப்ளைட் ஏறிப் போயிட்டான், சரி. அப்புறம் அங்க ஒரு சாதாரண ஞாயித்துக்கிழமை காலையில என்ன பண்ணுவான்?

பதில் சொல்ல ஒரு ஆள் கிடைச்சார். எங்க வீதிக்காரர்தான். நானும் அவரும் ஒரே மிருதங்க வாத்தியார்கிட்ட, அவர் வீட்டுத் திண்ணையில உட்கார்ந்து ‘தா தீ தொம் நம்’ தட்டினவங்க. நான் பத்தாவது வந்ததும் ‘பப்ளிக் எக்ஸாம்’னு காரணம் சொல்லி மிருதங்கத்தைப் பரண்ல ஏத்திட்டேன். அண்ணன் விடலை. இன்ஜினீயரிங் நாலு வருஷமும் வாசிச்சார். இப்போ இங்கிலாந்துல நடுவாந்திரமா இருக்கற ஒரு ஊர்ல மாஸ்டர்ஸ் படிக்கிறார். ‘பேர் மட்டும் போட்றாத கண்ணு’ன்னு கேட்டுக்கிட்டதால, இங்கே அவர் வெறும் ‘அண்ணா’.

நமக்கு ராத்திரி ஒன்பதரை. அவருக்குச் சாயங்காலம் நாலு. வீடியோவுல பார்த்தா, ஜன்னலுக்கு வெளியே அப்பவே இருட்டு!

‘‘என்ன கண்ணு, சாப்ட்டியா?’’

‘‘ஆச்சுங்ணா. அங்க லைஃப் எப்படிப் போகுதுங்ணா?’’

‘‘எந்த லைஃப்? அஞ்சு நாள் பகல்ல நான் ஸ்டூடன்ட். மூணு நாள் சாயங்காலம் ஹோட்டல்ல பாத்திரம் கழுவறவன். ஞாயித்துக்கிழமை ரெண்டு மணி நேரம் மட்டும் மிருதங்க வாத்தியார். நீ யாரைப் பேட்டி எடுக்கறே?’’

வாத்தியாரைத்தான்!

ஊர்ல இருந்து கிளம்பும்போதே பிரச்னை ஆரம்பம். பலா மரத்துல குடைஞ்ச மிருதங்கம் சும்மா தூக்கற கனமா? பெட்டி எடைக் கணக்குல பருப்புப் பொடியும் தேங்கா எண்ணெயும் மிருதங்கத்தோட மல்லுக்கட்டி, கடைசியில மிருதங்கம் ஜெயிச்சுது. அவங்க அம்மா மட்டும் ரெண்டு நாள் பேசலையாம்.

அங்க போனா குளிர். ரூமுக்குள்ள ஹீட்டர். ஹீட்டர் ஓட ஓடக் காத்து காய்ஞ்சு போகுது, தோல் இறுகுது, சுருதி ஏறிடுது. ஒவ்வொரு வாரமும் கல்லை வெச்சுத் தட்டித் தட்டி இறக்கணும். தட்டினா, சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கறவன் வந்து கதவைத் தட்டறான்! அதனால வார நாள்ல சாதகம் எல்லாம் தலகாணி மேலதான். தொப்பிப் பக்கத்துக்கு அடி நாதம் வரணும்னா, தண்ணி விட்டுப் பிசைஞ்ச ரவையை நடுவுல அப்பி, வாசிச்சு முடிச்சதும் சுரண்டி எடுக்கணும் இல்லையா? உப்புமாவுக்கு வாங்கின ரவையில பாதி அங்க போயிடுதாம். ‘‘மீதிப் பாதியிலதான் ஞாயித்துக்கிழமை டிபன்’’னு சிரிக்கிறார்.

வாரக் கடைசியில நடக்கிற ஒரு தமிழ்ப் பள்ளியில பத்துப் பன்னெண்டு குழந்தைங்க. முக்காவாசி ஈழத் தமிழ்க் குடும்பங்க. அண்ணனை ‘சேர்’னு கூப்பிடறாங்க. இவர் குழந்தைங்ககிட்டயும் ‘உக்காருங்’, ‘தட்டுங்’னு நம்ம ஊர் மரியாதையில பேச, அதுங்களுக்கு ஒரே சிரிப்பு. அதுல ஒரு பையன் வீட்டுல இங்கிலீஷ்தான் பேசுவான். ஆனா சொற்கட்டு சொல்ல ஆரம்பிச்சா ‘த’வும் ‘ண’வும் சுத்தமா வருதாம். ‘‘அவங்க அம்மா வாசல்ல நின்னு கேட்டுக்கிட்டே இருப்பாங்க கண்ணு. அந்த முகத்தைப் பார்க்கறதுக்கே நான் பஸ் ஏறிப் போவேன்’’னார்.

இதுவரைக்கும் கதை நல்லாத்தானே போகுது? இங்கதான் இடிக்குது.

ரெண்டு மாசம் கழிச்சு ஒரு அப்பா வந்து, ‘வீட்டுக்கு வந்து தனியாச் சொல்லித்தாங்கோ தம்பி, மணிக்கு இருபது பவுண்ட் தாறன்’னு கேட்டிருக்கார். அடுத்த வாரம் இன்னும் ரெண்டு வீட்டுல இருந்து கேட்டாங்க. அண்ணன் ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டிருக்கார். நாலு வீடு கிடைச்சா ஹோட்டல் வேலையே வேண்டாம். ஈர ஷூவோட கடைசி பஸ் பிடிக்க வேண்டாம். பேங்க்ல வாங்கின எஜுகேஷன் லோனுக்கு மாசா மாசம் கொஞ்சம் அனுப்பலாம்.

ஒத்துக்கறதுக்கு முன்னாடி, யுனிவர்சிட்டியில வெளிநாட்டு மாணவர்களுக்கு வழி சொல்ற ஆபீஸ்ல ஒரு வார்த்தை கேட்டிருக்கார். அந்தம்மா பொறுமையா விளக்கி இருக்காங்க. பிரிட்டன் ஸ்டூடன்ட் விசாவுல டிகிரி படிக்கிறவங்க, பொதுவா வகுப்பு நடக்கிற காலத்துல வாரத்துக்கு 20 மணி நேரம் வரைக்கும் வேலை பார்க்கலாம். ஆனா அது ஒரு முதலாளிகிட்ட, சம்பளச் சீட்டோட பார்க்கிற வேலையா இருக்கணும். சுயதொழில் கூடாது. வீட்டுக்கு வீடு போய் டியூஷன் எடுத்துக் காசு வாங்கினா அது சுயதொழில். ஒரே ஒரு மணி நேரமா இருந்தாலும் அதேதான். மீறினா விசாவுக்கே ஆபத்து.

‘‘அன்னிக்கு ராத்திரி ஹோட்டல்ல நின்னு தட்டு கழுவிக்கிட்டே யோசிச்சேன் கண்ணு. இந்த வேலையை நான் அஞ்சு நிமிஷத்துல கத்துக்கிட்டேன், இதுக்குச் சம்பளம் உண்டு. மிருதங்கத்தைப் பன்னெண்டு வருஷம் கத்துக்கிட்டேன், அதுக்குக் கை நீட்டினா தப்பு.’’

போன்ல ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசலை.

எனக்கு மனசு கேக்கலை மக்களே. நம்மாளுங்க யாரும் வெளிநாட்டுல போய் மிருதங்கம் சொல்லித் தந்ததே இல்லையான்னு தேட ஆரம்பிச்சேன். கிடைச்சது பெரிய புதையல்!

வீணை தனம்மாளோட பேரன் டி.ரங்கநாதன். பரதநாட்டிய மேதை பாலசரஸ்வதியோட தம்பி. மிருதங்கத்துல பழனி சுப்பிரமணிய பிள்ளையோட சிஷ்யர். இவர் 1963-லயே அமெரிக்காவுல, கனெக்டிகட் மாநிலத்துல இருக்கற வெஸ்லியன் பல்கலைக்கழகத்துக்கு மிருதங்கம் சொல்லித்தரப் போயிட்டார். அதே குருவோட இன்னொரு சிஷ்யர் திருச்சி சங்கரன். அவர் 1971-ல கனடாவுல, டொரான்டோ யார்க் பல்கலைக்கழகத்துக்குப் போனார். அங்க அவரோட சேர்ந்து இந்திய இசைப் படிப்பைத் தொடங்கினவர் ஜான் ஹிக்கின்ஸ். 1964-ல ஃபுல்பிரைட் உதவித்தொகையில சென்னைக்கு வந்து பாட்டு கத்துக்கிட்டு, ‘பாகவதர்’னே பேர் வாங்கின அமெரிக்கர். அவர் தன்னோட டாக்டர் பட்டத்தை முடிச்சது 1973-லதான். அதாவது, கனடாவுல பாடம் நடத்திக்கிட்டே சொந்தப் படிப்பையும் முடிச்ச ஆள்!

இந்த ஹிக்கின்ஸுக்குக் குரு யாரு தெரியுமா? ரங்கநாதனோட தம்பி, புல்லாங்குழல் டி.விஸ்வநாதன். என்னைக் கவுத்ததே இவர் கதைதான். 1958-ல மாணவராத்தான் அமெரிக்கா போறார். லாஸ் ஏஞ்சலீஸ்ல இருக்கற கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துல ரெண்டு வருஷம் இனவியல் இசை படிச்சுட்டு, திரும்பி வந்து சென்னைப் பல்கலைக்கழக இசைத் துறைக்குத் தலைமை ஏத்தார். அப்புறம் மறுபடி அமெரிக்கா. பாடம் நடத்தறார், கச்சேரி பண்றார். அதுக்கு நடுவுல மறுபடியும் மாணவராகி, 1975-ல வெஸ்லியன்ல டாக்டர் பட்டம் வாங்கறார். அப்போ வயசு ஐம்பதை நெருங்கியாச்சு! 2002-ல காலமாகற வரைக்கும் அங்கயே வாத்தியார். நடுவுல 1988-ல மியூசிக் அகாடமியோட சங்கீத கலாநிதி விருதும் வந்துச்சு.

இதை அப்படியே அண்ணன்கிட்ட ஒப்பிச்சேன். அவர் டக்குனு பிடிச்சுக்கிட்டார். ‘‘அவங்களுக்குப் பின்னாடி ஒரு பல்கலைக்கழகம் நின்னுச்சு கண்ணு. வேலைக்கு ஆர்டர் கொடுத்துக் கூப்பிட்டாங்க. எனக்குப் பின்னாடி நிக்கறது எஜுகேஷன் லோன்!’’

நியாயம்தானே! திறமை மட்டும் இருந்தாப் பத்தாது, அதைக் காட்டி நிக்க ஒரு சட்டபூர்வமான இடமும் வேணும். நாம வெளிநாடு போறதுக்கு முன்னாடி ரூம் வாடகையை விசாரிக்கிறோம், கோர்ஸ் ஃபீஸை விசாரிக்கிறோம். இதை விசாரிக்கிறதில்லை. மிருதங்கம்னு இல்லை, நீங்க பரதநாட்டியம் சொல்லித்தந்தாலும், ராத்திரி உட்கார்ந்து ஃப்ரீலான்ஸா வெப்சைட் டிசைன் பண்ணிக் கொடுத்தாலும் பிரிட்டன்ல இதே ரூல்தான். நாட்டுக்கு நாடு கணக்கும் மாறும். அமெரிக்காவுல எஃப்-1 விசாவுல போனா, வகுப்பு நடக்கிற காலத்துல கேம்பஸுக்குள்ள வாரத்துக்கு 20 மணி நேரம். வெளியே வேலை செய்யத் தனி அனுமதி வேணும். கனடாவுல 2024 நவம்பர்ல இருந்து கேம்பஸுக்கு வெளியே வாரம் 24 மணி நேரம். ஜெர்மனியில 2024 மார்ச்ல இருந்து வருஷத்துக்கு 140 முழு நாள், இல்லைன்னா 280 அரை நாள். இதெல்லாம் அடிக்கடி மாறுகிற கணக்கு. கிளம்பும்போது அந்தந்த நாட்டு அரசாங்க வெப்சைட்டை நீங்களே திறந்து படிங்க. ‘அதெல்லாம் யாரும் பார்க்க மாட்டாங்க ப்ரோ’னு சொல்ற சீனியரை மட்டும் நம்பாதீங்க. மாட்டினா அந்த ப்ரோ வர மாட்டார்!

சரி, அண்ணன் என்ன பண்ணினார்? அந்த மூணு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்லிட்டார். ஞாயித்துக்கிழமை வகுப்பை மட்டும், ஆபீஸ்ல கேட்டுக்கிட்டு, காசு வாங்காம தொண்டா நடத்தறார். இன்னொரு பக்கம், வாத்தியாரை முறைப்படி வேலைக்கு வெச்சு சம்பளச் சீட்டு கொடுக்கிற இசைப் பள்ளிகளுக்கு அப்ளிகேஷன் போட்டுக்கிட்டு இருக்கார். அந்த வழி விசாவுக்கு ஒத்துவரும். இதுவரைக்கும் ஒண்ணும் அமையலை.

‘‘காசும் இல்லை, அலைச்சல் வேற. அப்புறம் எதுக்குங்ணா போறீங்க?’’னு கேட்டுட்டேன். கேட்டிருக்கக் கூடாதோன்னு தோணுச்சு. ஆனா அவர் கோவிச்சுக்கலை.

‘‘போன மாசம் ஒரு பாப்பா, ‘சேர், இந்தக் கறுப்பு வட்டம் ஏன் இருக்கு?’ன்னு கேட்டுச்சு கண்ணு. வலந்தலையைக் காட்டிக் கேக்குது. பன்னெண்டு வருஷம் அது மேல தட்டியிருக்கேன். எனக்குப் பதில் தெரியலை!’’

ரூமுக்கு வந்து தேடினா, பதில் சொன்னது யாரு? நம்ம சர் சி.வி.ராமன்! சாதாரணமா ஒரு தோலை இழுத்துக் கட்டித் தட்டினா, அதுல எழும்புற மேல் சுரங்கள் அடிப்படைச் சுரத்தோட ரெண்டு மடங்கு, மூணு மடங்குன்னு முழு எண்ணா வராது. அதனாலதான் அது வெறும் ‘டம்’. நடுவுல அந்தக் கறுப்புச் சாந்தை அப்பி எடை ஏத்தினதும், மேல் சுரங்கள் முழு எண் மடங்கை ஒட்டி வந்து உட்காருது. கம்பி வாத்தியம் மாதிரி சுருதி பேசுது. ராமன் இதைப் பத்தி 1920-லயே ‘நேச்சர்’ இதழ்ல எழுதிட்டார். நாம செகண்ட் இயர்ல வைப்ரேஷன் பேப்பர்ல முட்டி மோதினோமே, அதே சங்கதி. அது அண்ணன் வீட்டு மிருதங்கத்துல இத்தனை வருஷமா உட்கார்ந்திருக்கு!

‘‘அடுத்த ஞாயித்துக்கிழமை அந்தப் பாப்பாவுக்கு, தட்டுல மாவு உருண்டை ஒட்டித் தட்டிக் காமிச்சேன். புரிஞ்சுதோ இல்லையோ, கைதட்டுச்சு. ஹோட்டல்ல எனக்குப் பேர் கூடக் கிடையாது கண்ணு, ‘கிச்சன் போர்ட்டர்’தான். யுனிவர்சிட்டியில ஒரு நம்பர். இங்க நான் சேர். அந்த ரெண்டு மணி நேரம் இல்லைன்னா மீதி நாளை என்னால தள்ள முடியாது.’’

போனை வெச்சப்போ மணி பதினொண்ணு. எனக்குத் தூக்கம் வரலை. சனிக்கிழமை வீட்டுக்குப் போனதும் முதல் வேலையா ஸ்டூல் போட்டுப் பரண்ல ஏறினேன். பழைய சூட்கேஸ், கிரைண்டர் கல்லு எல்லாத்துக்கும் பின்னாடி, வேட்டியில சுத்தி இருந்துச்சு என் மிருதங்கம். பிரிச்சுத் தட்டினா ‘தொப்’புங்குது. வார் தளர்ந்து, ஒரு பக்கம் எலி கடிச்சிருக்கு. எங்க வாத்தியார்கிட்ட தூக்கிட்டுப் போனேன். திட்டுவார்னு நினைச்சேன். தடவிப் பார்த்துட்டு, ‘‘கட்டை நல்லாத்தானுங் இருக்குது. மூட்டு மாத்தினாப் போதும்’’னார். எத்தனை ஆகும்னு கேட்டேன். சொன்னார். இந்தப் பத்திரிகையில ரெண்டு மாசம் எழுதற காசு!

பரவாயில்லை, எழுதிடலாம். எடிட்டர் சார், கவனிக்க!

உங்க வீட்டுப் பரண்ல என்ன இருக்கு மக்களே? லெட்டர் போடுங்க. அடுத்த வாரம் பெஞ்சுல பார்ப்போம்!