இளவயதில் பிரஷரா? கால் நாடியையும் பாருங்கள்

முப்பது வயதாகாத கடற்றொழிலாளி ஒருவருக்குப் பிரஷர் 180 என்றால், "உப்பைக் குறையுங்கோ, யோசிக்காதேங்கோ" என்று சொல்லி மாத்திரையோடு அனுப்பிவிடுவது எளிது. திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளி போன்ற கரையோரப் பிரதேசங்களில் அந்த எளிமை உயிரைக் குடிக்கலாம்.

இருதயத்திலிருந்து புறப்படும் பெருநாடி வளைந்து கீழிறங்கும் இடத்தில் பிறவியிலேயே சுருங்கியிருப்பதுண்டு; இளவயதில் பிரஷர் ஏற இதுவும் ஒரு காரணம். பத்தாயிரம் பிறப்புகளில் ஏறக்குறைய நான்கில் இக்குறை காணப்படுகிறது. பலருக்குச் சிறுவயதிலேயே தெரிந்துவிடும். தெரியாமல் தப்பியவர்களுக்கு விலாவோரக் கிளை நாடிகள் தடித்து இரத்தத்துக்கு மாற்றுவழி அமைத்துக்கொடுக்கின்றன. தலையிடி, மூக்கால் இரத்தம், கரைவலை இழுக்கையில் காலில் சோர்வு என்பதற்கு மேல் வெளியே எதுவும் தெரியாமலே போகலாம். சிகிச்சை பெறாதவர்களின் சராசரி ஆயுள் ஏறக்குறைய 35 வயது என்கின்றன பழைய மருத்துவப் பதிவுகள். மூளையில் இரத்தக்கசிவு, இருதயச் செயலிழப்பு, பெருநாடி வெடிப்பு ஆகியவையே முடிவைக் கொண்டுவருகின்றன.

பிரஷர் போன்ற தொற்றா நோய்களைக் கண்டறிய 2011 முதல் இயங்கும் அரச ஆரோக்கிய வாழ்வு நிலையங்களோ 35 வயதைத் தாண்டியவர்களையே முதன்மையாக அழைக்கின்றன. இந்த நோயாளி அந்த வரிசைக்கு வந்துசேர்வார் என்பதற்கே உத்தரவாதமில்லை.

இக்குறையைச் சீராக்க வழியுண்டு. 1944இல் ஸ்டொக்ஹோமில் சத்திர சிகிச்சை நிபுணர் கிளாரன்ஸ் கிரஃபோர்ட் சுருங்கிய பகுதியை வெட்டியெடுத்து நாடியை மீண்டும் இணைத்துக் காட்டினார். இன்று வளர்ந்தவர்களுக்குச் செயற்கைக் குழாய் பொருத்தியோ, ஏற்றவர்களுக்கு ஸ்டென்ட் வைத்தோ சீராக்குகிறார்கள். முள்ளந்தண்டுக்குப் போகும் இரத்தம் தடைப்பட்டால் கால்கள் செயலிழக்கலாம் என்பதால், இது கைதேர்ந்த பிரிவுகளில் மட்டுமே செய்யவேண்டிய சத்திர சிகிச்சை. அதற்கு நம்மவர்கள் யாழ்ப்பாணம், கண்டி, கொழும்பு என்றே போகவேண்டும். அரச வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம். கூடப் போகிறவரின் பஸ் காசும், தங்குமிடமும், இழக்கும் நாட்கூலியும் இலவசமல்ல.

சுகாதார அமைச்சும் கிழக்கு மாகாண சுகாதாரத் திணைக்களமும் இனியும் தாமதிக்கலாகாது. நாற்பதுக்குக் குறைந்த ஒவ்வொரு பிரஷர் நோயாளிக்கும் கை நாடியோடு தொடையிடுக்கு நாடியையும் சேர்த்துப் பார்ப்பது கட்டாயமாகட்டும். அதற்குத் தேவை இரண்டு விரல்களும் அரை நிமிடமும்தான். கால் நாடி பிந்தியோ மெலிந்தோ துடித்தால் காலிலும் பிரஷர் அளந்து, எக்கோ பரிசோதனைக்கு அனுப்பவேண்டும். கர்ப்பம் இந்நோயின் ஆபத்தைக் கூட்டுவதால் கர்ப்பவதிகள் கிளினிக்கிலும் இதே நடைமுறை வேண்டும். திருகோணமலைப் பொது வைத்தியசாலைக்கு இருதய சத்திர சிகிச்சை நிபுணர்கள் குறித்த நாட்களில் வந்து பார்க்கவும், தூர இடங்களுக்கு அனுப்பப்படுவோருக்குப் பயண உதவி கிடைக்கவும் வழிசெய்யவேண்டும். சத்திர சிகிச்சைக்குப் பின்னும் பிரஷர் திரும்பலாம். ஆயுள் முழுவதும் தொடரவேண்டிய அந்தக் கண்காணிப்பைக் குச்சவெளியிலேயே கொடுப்பது அரசின் கடமை.