மீண்டும் சிவகாமி

கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944-ஆம் ஆண்டு 'கல்கி' இதழில் தொடராக வெளிவரத் தொடங்கியது. நான்கு பாகங்கள் கொண்ட பெருநாவல். வாரந்தோறும் வந்த பக்கங்களைச் சேர்த்துத் தைத்து, அட்டையிட்டுப் பரணில் காத்த குடும்பங்கள் பல.

இளமையில் அதைப் படித்தோர் நினைவில் தங்கியிருப்பவை மதங்கொண்ட யானை, நாகநந்தி அடிகளின் மர்மம், காஞ்சி முற்றுகை, பற்றி எரிந்த வாதாபி. அடுத்து என்ன நேருமோ என்ற பதற்றத்தில் ஆயனச் சிற்பியின் கலை பற்றிய பேச்சுகளைத் தாண்டிச் சென்றவர் அநேகர். எழுபதாம் வயதில் அதே நூலை மீண்டும் விரிப்பவருக்கு முடிவு தெரியும். ஓட வேண்டிய அவசியமில்லை. நாகநந்தியின் உருவ ஒற்றுமையை வைத்து நடக்கும் ஆள்மாறாட்டங்கள் அப்போது சற்று மிகையாகவே தோன்றும். ஆயினும் முதல் வாசிப்பில் நழுவிப்போன பல இடங்கள் ஒளி பெறுகின்றன.

பரஞ்சோதி காஞ்சிக்கு வந்தது எதற்காக? திருநாவுக்கரசர் மடத்தில் கல்வி பயில. நகருக்குள் நுழைந்த அன்றே யானை குறுக்கிட, கையிலிருந்த வேலை எறிகிறான். அதன் பயனாகச் சிறைக்குச் செல்கிறான். ஏடு பிடிக்க வந்த கை வாள் பிடித்துச் சேனாதிபதியின் கையாகிறது. பெரியபுராணத்தில் சேக்கிழார் காட்டும் பரஞ்சோதியாரோ மருத்துவமும் வடநூலும் படைக்கலப் பயிற்சியும் முன்னரே கைவரப்பெற்றவர். கல்கி வேண்டுமென்றே கல்லாத பிள்ளையாக அவனை நடக்க விடுகிறார். அவனே வாதாபியை வென்றபின் போரைத் துறந்து சிறுத்தொண்டராகிறான். திருச்செங்காட்டங்குடியில் அவர் இல்லத்திற்கு ஞானசம்பந்தர் எழுந்தருளியதையும், பதிகத்தில் அவர் பெயரைச் சேர்த்துப் பாடியதையும் அறிந்த அடியார்களுக்கு, அந்த முதல் நாள் யானை வெறும் வீரச் செயலாகத் தோன்றாது.

சிவகாமியின் கதை இன்னும் கனமானது. சிறைப்பட்ட தமிழ் மக்களைச் சாட்டையடியிலிருந்து காக்க வாதாபியின் நாற்சந்தியில் ஆடிய அவமானத்தில் பிறந்தது அவள் சபதம். மாமல்லரே மாறுவேடத்தில் வந்து அழைத்தபோதும், வாதாபி எரிந்தாலன்றி வாரேன் என்று மறுக்கிறாள். இருபது வயதில் படித்தோர், 'போயிருக்கலாமே!' என்று அவள் மீது சினம் கொண்டனர். குடும்பத்தில் ஒரு சொல்லுக்காகப் பல ஆண்டுகள் பேசாதிருந்த உறவுகளைக் கண்ட முதியோருக்கு அந்த மறுப்பு எளிதில் விளங்கும், சினம் எழுவதில்லை. ஒன்பது ஆண்டுகளுக்குப் பின் சபதம் நிறைவேறிற்று. அதற்குள் மாமல்லருக்குப் பாண்டியன் மகளோடு திருமணமும் நடந்துவிட்டது.

கல்கி வழியொன்றைத் தொடக்கத்திலேயே வைத்திருந்தார் என்பது இரண்டாம் முறைதான் புலப்படும். முதற் பாகத்தில் நாவுக்கரசர் முன்னிலையில் சிவகாமி அபிநயிப்பது அப்பர் பெருமானின் தாண்டகப் பாடல் ஒன்று. இறைவனின் பெயரை முதலில் கேட்டு, பின் அவன் தன்மையையும் ஊரையும் கேட்டு, பெற்றோரைப் பிரிந்து, உலகியலை விடுத்து, இறுதியில் தன்னையே மறந்து அவன் திருவடி சேர்ந்த நங்கையைப் பற்றியது அது. அன்று பாவம் பிடித்த பெண்ணின் நெஞ்சில் இருந்த தலைவன் மாமல்லன். பாடலின் ஒவ்வொரு படியும் பின்னர் அவள் வாழ்விலேயே நிகழ்கிறது: தந்தையின் அரண்ய வீடு போயிற்று, ஊர் போயிற்று, காதலும் போயிற்று.

நாவலின் கடைசிப் பக்கங்களில் கச்சி ஏகம்பத்தில், ஏகாம்பரநாதரையே நாயகனாக வரித்த சிவகாமி அதே பாடலுக்கு மறுபடியும் ஆடுகிறாள். சபையில் மாமல்லரும் இருக்கிறார். அவள் அவரைத் தேடவில்லை. கண்ணீர் பெருக, ஓசையின்றி எழுந்து, ஆடல் முடியும் முன்பே சக்கரவர்த்தி வெளியேறுகிறார்.